மடக்கி உழுத பசுந்தாள் எப்போது சத்துத் தரும்?

கேள்வி: பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும் 45ஆம் நாளில் மடக்கி உழுதேன். வாய்க்காலில் தண்ணீர் வராததால் வயல் நான்கு வாரம் அப்படியே கிடந்தது. இடையில் இரண்டு மழை பெய்தது. அதன் பிறகுதான் தண்ணீர் கட்டி, சேற்றுழவு செய்து நட்டேன். பயிர் கருகருவென்று வரும் என்றார்கள். என் வயலோ வெளிறி நிற்கிறது. தக்கைப்பூண்டில் சத்தே இல்லையா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: சத்து இருந்தது. நீங்கள் நடுவதற்கு முன்பே அதில் பெரும்பகுதி வயலை விட்டுப் போயிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 8 டன் பச்சைத் தழை தந்தால், அதில் ஏறத்தாழ 40 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கும். அது 45 கிலோ யூரியா மூட்டை இரண்டில் இருக்கும் அளவு. ஆனால் யூரியாவைப் போல அது எடுத்துப் போட்டவுடன் கிடைப்பதில்லை. நுண்ணுயிர்கள் தழையை மட்கச் செய்யும்போது, புரதத்தில் கட்டுண்டிருந்த தழைச்சத்து முதலில் அம்மோனியமாக வெளிவருகிறது. டெல்டாவின் கோடை வெயிலில் இந்த வேலை மிக விரைவாக நடக்கும்; இளந்தழை தரும் சத்தில் பெரும்பங்கு முதல் இரண்டு மூன்று வாரங்களிலேயே வெளிவந்துவிடும்.

அதற்குப் பிறகு நடப்பதை நிர்ணயிப்பது ஈரம். காற்றோட்டமுள்ள ஈர மண்ணில் வேறு சில நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றிவிடும். புழுதியாகக் காய்ந்த மண் மழையில் நனையும்போது, அடங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் ஒரேயடியாக எழுந்து வேலை செய்வதால், உங்கள் இரண்டு மழையும் இந்த மாற்றத்தை மேலும் விரைவுபடுத்தியிருக்கும். புன்செய்ப் பயிருக்கு இது நல்லதே. நெல் வயலில் தண்ணீர் கட்டியதும் மண்ணுக்குள் காற்று தீர்ந்துபோகிறது; அப்போது அங்குள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, தழைச்சத்து வாயுவாகி வானத்துக்குப் போய்விடுகிறது. மணற்பாங்கான வயலென்றால் ஒரு பகுதி நீரோடு கீழேயும் இறங்கிவிடும். மாறாக, உழுத ஓரிரு நாளில் தண்ணீர் கட்டியிருந்தால், சத்து அம்மோனியமாகவே களிமண்ணைப் பற்றிக்கொண்டு நாற்றுக்காகக் காத்திருந்திருக்கும்.

ஆகவே, தண்ணீர் வருவது உறுதியாகும் வரை மடக்கி உழாதீர்கள். தக்கைப்பூண்டு சில நாள் கூடுதலாக நின்றால் பெரிய நட்டமில்லை. ஆனால் 60 நாளைத் தாண்டினால் தண்டு நாரேறிவிடும், அதை மட்கச் செய்ய நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கட்டி ஒரு வாரம் கழித்து, சேற்றிலிருந்து ஒரு தண்டை எடுத்து விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். பட்டை வழுக்கிக்கொண்டு கழன்று வந்தால் நடலாம். காலை வைத்தவுடன் குமிழி கிளம்பி அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், தண்ணீரை வடித்து இரண்டு நாள் காற்றாடவிட்டு, மறுபடி தண்ணீர் கட்டி நடுங்கள். இப்போதுள்ள பயிரைப் பொறுத்தவரை, இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையை அறிய உதவும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து மேலுரமாக இடுவதே வழி.

கேள்வி: டிசம்பரில் காய் பறித்து முடித்த பட்டாணிக் கொடியை மண்ணில் புதைத்தேன். இரண்டு மாதமாகியும் தண்டு தண்டாகவே கிடக்கிறது. கீழ்நாட்டில் இரண்டே வாரத்தில் மட்கிவிடுகிறதாமே?
– உதகமண்டலம் வாசகர்

பதில்: மட்கும் வேகம், மண்ணின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய பாதியாகிவிடும். 30 டிகிரியில் இரண்டு வாரம் எடுக்கும் வேலைக்கு 10 டிகிரியில் சுமார் இரண்டு மாதம் வேண்டும். உங்கள் ஊரில் உறைபனி விழும் மாதங்கள் அவை. மழையும் குறைவு என்பதால் மேல்மண் ஈரமின்றிக் கிடந்திருக்கும். கொடியின் மீதும் கொஞ்சம் குற்றம் உண்டு: தழைச்சத்தின் பெரும்பங்கு காயோடு கூடைக்குப் போய்விட்டது, நாங்கள் பசுந்தாள் என்று சொல்வது பூக்கும் பருவத்து இளந்தழையைத்தான். இனி கொடியைத் துண்டு துண்டாக நறுக்கி, ஆழமாகப் புதைக்காமல் நான்கைந்து அங்குல மேல்மண்ணிலேயே கலந்து, வாரம் ஒரு முறை நனைத்து வாருங்கள். கோடை மழைக்குப் பிறகு மண் சூடேறும்போதுதான் அதன் சத்து வெளிவரும். அடுத்த விதைப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.