எண்பத்தைந்தாயிரம் டாலருக்கு ஒரு ட்ரக் தேவையா?

கேள்வி: டெக்சாஸில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். எந்தக் கடை வாசலில் பார்த்தாலும் ஆள் உயரத்துக்குப் பிக்கப் ட்ரக்குகள். பின்னால் லோடு ஏற்றும் இடம் காலியாகவே இருக்கிறது, உள்ளே பார்த்தால் தோல் சீட்டும் பெரிய திரையும். இந்தக் காசுக்கு பென்ஸ் வாங்கலாமே, ஏன் இதை வாங்குகிறார்கள்?
– மதுரை வாசகர்

பதில்: உங்கள் மகனின் நண்பர்களில் யாரிடமாவது ஃபோர்டு எஃப்-150 கிங் ராஞ்ச் இருந்து, நீங்கள் அதில் ஒரு தடவை ஏறி உட்கார்ந்திருந்தால் பாதி பதில் அங்கேயே கிடைத்திருக்கும். கதவைத் திறந்ததும் தோல் வாசனைதான் முதலில் வரும். தெற்கு டெக்சாஸில் 1853-ல் தொடங்கிய கிங் ராஞ்ச் என்கிற பண்ணை, பரப்பு 8.25 லட்சம் ஏக்கர், அந்தப் பண்ணை மாடுகளுக்குப் போடும் சூட்டுக்குறிதான் சீட்டின் முதுகில் பதிந்திருக்கும். 2001-ல் இந்த மாடல் வந்தபோது குதிரைச் சேணத்துக்குப் போடுகிற மாதிரியான தோல்; எண்ணெய்ப் பசை தடவிப் பராமரிக்காவிட்டால் வெடித்துவிடும், அப்படியும் விரும்பி வாங்கினார்கள். அதே 2001-ல்தான் எஃப்-150-க்கு நான்கு முழுக் கதவுகளும் வந்தன. பின் சீட்டில் ஆறடி ஆள் காலை நீட்டி உட்காரலாம். குழந்தைகளுக்கான இரண்டு சீட்டை மாட்டினாலும் இடம் மிச்சம். உயரமாக உட்கார்ந்து நெடுஞ்சாலையைப் பார்த்தபடி ஆறு மணி நேரம் ஓட்டினாலும் முதுகு வலிக்காது. அங்கே இது லாரி இல்லை சார், குடும்பக் கார்.

சட்டமும் இதற்குக் கை கொடுத்தது. 1978-ல் எரிபொருளை அதிகமாகக் குடிக்கும் கார்களுக்குத் தனி வரி போட்டார்கள், ட்ரக்குக்கு விலக்கு. 1991-ல் 30,000 டாலருக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆடம்பர வரி வந்தது. 6,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ட்ரக் அதிலும் சிக்கவில்லை. எடை கூடக் கூட வரி விலகிப் போனால் கம்பெனிகள் எந்தப் பக்கம் போகும்? 1978-ல் லேரியட், 2001-ல் கிங் ராஞ்ச், 2009-ல் பிளாட்டினம் என்று ஃபோர்டு சொகுசு மாடல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது. போட்டிக் கம்பெனிகளில் ஜி.எம்.சி. டெனாலி என்றது, ராம் லாங்ஹார்ன் என்றது.

ஆனால் வெறும் சொகுசை மட்டும் அந்த மக்கள் வாங்கவில்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2002-ல் லிங்கன் கம்பெனி பிளாக்வுட் என்று ஒரு பிக்கப் விட்டது. பின்னால் லோடு ஏற்றும் இடத்தில் கம்பளம் விரித்து, விளக்குப் போட்டு, மேலே மூடியும் வைத்துவிட்டார்கள். விலை 50,000 டாலருக்கு மேல். நான்கு சக்கர ஓட்டம் கிடையாது, மண்ணோ கல்லோ போட முடியாது. அமெரிக்காவில் ஒரே மாடல் ஆண்டோடு ஆட்டம் முடிந்தது. ஆகவே காலியாக ஓடினாலும், தேவைப்பட்டால் இது இழுக்கும், சுமக்கும் என்கிற நம்பிக்கைக்குத்தான் அங்கே காசு கொடுக்கிறார்கள். நம் வீட்டில் வருஷத்துக்கு ஒரு விசேஷத்துக்காகப் பெரிய அண்டா வைத்திருக்கிறோமே, அந்த மனசுதான். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். இருவருக்கும் ஐ.டி. வேலை, இரண்டு பிள்ளைகள். என் கணவர் 85,000 டாலருக்கு ஒரு எஃப்-150 பிளாட்டினம் பார்த்து வைத்திருக்கிறார். கேம்பிங் ட்ரெய்லர் வாங்கி இழுக்கலாம், ரீசேல் நன்றாக இருக்கும், புயல் வந்தால் கரண்டுக்கும் உதவும் என்கிறார். 10,000 முன்பணம், மீதி லோன். நியாயமான செலவா இது? தெளிவாகச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி

பதில்: உங்கள் கணவர் சொல்லும் மூன்று காரணங்களில் ஒன்று முழுசாகச் சரி, ஒன்று பாதி சரி, ஒன்று அவர் நினைப்பதற்கு நேர் எதிர்.

எதிரானதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதில் உங்கள் பிள்ளைகளின் பாதுகாப்பு இருக்கிறது. ஷோரூமுக்குப் போகும்போது டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணில் மஞ்சள் நிறத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்த ஒரு குறிப்பிட்ட வண்டிக்கான எண் அதில் அச்சாகியிருக்கும். விளம்பரத்தில் வரும் 13,000 பவுண்டு இழுக்கும் கதையை விட்டுவிடுங்கள், உங்களுக்கு வேண்டியது இந்த எண்தான். உச்ச மாடல்களில் இது 1,400, 1,500 பவுண்டு அளவுக்கு இறங்கிவிடுவதை நிறையப் பார்க்கலாம். காரணம் எளிது. வண்டியும் சுமையும் சேர்ந்து எவ்வளவு எடை வரலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. கண்ணாடிக் கூரை, மோட்டார் வைத்த சீட், தானாக இறங்கும் படி, பெரிய சக்கரம் என்று ஏற்றிக்கொண்டே போனால் அந்த எடையெல்லாம் உங்கள் சுமைக் கணக்கிலிருந்துதான் கழியும். சொகுசு ஏற ஏற ட்ரக் சுமப்பது குறையும்.

இப்போது உங்கள் குடும்பத்துக்குக் கணக்குப் போடுவோம். ட்ரெய்லர் 7,500 பவுண்டு என்று வையுங்கள். அதில் 10-லிருந்து 15 சதவீதம் கொக்கியின் மேல், அதாவது ட்ரக்கின் பின்பக்கத்தில், நேராக உட்காரும். 13 சதவீதம் என்றால் 975. எடையைப் பரப்பிவிடும் கொக்கிச் சட்டம் ஒரு 80. நீங்கள் நால்வரும் சேர்ந்து 550 என்று கொண்டால் 1,605 ஆகிவிட்டது, இன்னும் ஐஸ் பெட்டியும் அடுப்பும் பிள்ளைகள் சைக்கிளும் ஏறவில்லை. ஸ்டிக்கரில் 1,450 என்றிருந்தால் வீட்டு வாசலிலேயே வரம்பை மீறியாயிற்று. இன்ஜின் இழுக்கும், அதில் சந்தேகமில்லை. பின் அச்சும் டயரும் பிரேக்கும் தாங்குகிற அளவைத் தாண்டிப் போகிறீர்கள் என்பதுதான் பிரச்சினை. அதே இன்ஜினோடு, எஃப்-150-லேயே சொகுசு குறைந்த எக்ஸ்.எல்.டி. மாடல் எடுத்தால் பெரும்பாலும் சில நூறு பவுண்டு கூடுதலாகவே தாங்கும், விலையும் நன்றாகக் குறையும். ட்ரெய்லர்தான் காரணம் என்றால் பிளாட்டினம் தப்பான வண்டி, அவ்வளவுதான்.

ரீசேல் பாதி சரி. பிக்கப்புகள் பல சொகுசுக் கார்களைவிட மெதுவாகத்தான் விலை இறங்கும். ஆனால் பழைய ட்ரக் வாங்க வருகிறவர் உங்கள் மசாஜ் சீட்டுக்கு நீங்கள் கொடுத்த விலையைக் கொடுக்க மாட்டார். லோனையும் பாருங்கள். 75,000 டாலர், 7 சதவீத வட்டி, 72 மாதம் என்றால் மாதத் தவணை 1,280-ஐ ஒட்டி வரும், வட்டி மட்டும் 17,000 டாலர். இன்சூரன்ஸ், பெட்ரோல், டயர் எல்லாம் தனி. இரண்டு பேரில் ஒருவருக்கு வேலை போனாலும் அந்தத் தவணை நிற்காது. ஐ.டி.-யில் இருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கரண்ட் விஷயத்தில் உங்கள் கணவர் பக்கம்தான் நான். 2021 மாடலிலிருந்து எஃப்-150 ஹைபிரிடில் 7.2 கிலோவாட் மின்சாரம் பின்பக்க பிளக்கிலிருந்தே எடுக்கலாம். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்து கரண்ட் போனபோது, இந்த ட்ரக்குகளை மக்களுக்குக் கடனாகக் கொடுங்கள் என்று ஃபோர்டே டீலர்களைக் கேட்டுக்கொண்டது. 2024 ஜூலையில் பெரில் புயல் வந்து ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனதை நீங்களே பட்டிருப்பீர்கள். ஃபிரிட்ஜும் ஜன்னல் ஏ.சி.-யும் ஓட இது தாராளம். ஆனால் இந்த வசதிக்குப் பிளாட்டினம் வரை ஏற வேண்டாம், எக்ஸ்.எல்.டி. ஹைபிரிடிலேயே கேட்டு வாங்கலாம்.

அப்புறம் ஒன்று, கராஜை அளந்துவிடுங்கள். நான்கு கதவு வண்டி 19 அடிக்கு மேல் நீளம், கண்ணாடிகளை விரித்தால் அகலம் எட்டடி.

இவ்வளவுக்கும் பிறகு உங்கள் கணவர், "எனக்கு இது பிடித்திருக்கிறது, பல வருஷ ஆசை" என்று சொன்னால், பணம் கையில் இருந்தால், வாங்கிக்கொள்ளுங்கள். அது முறையான காரணம். வேலை செய்ய வேண்டும் என்று சொல்லி வேலைக்கு லாயக்கில்லாத மாடலை வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: டல்லாஸ் அருகே ஃபிரிஸ்கோவில் தோட்டப் பராமரிப்புத் தொழில் நடத்துகிறேன். பெரிய ட்ரக் வாங்கினால் முழு விலையும் வரியில் கழியும், கிட்டத்தட்ட இலவசம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர்

பதில்: கழியும் என்பது உண்மை. இலவசம் என்பது பொய், இந்தப் பேச்சை நம்பிக் கடனில் விழுந்தவர்கள் நிறையப் பேர். 6,000 பவுண்டுக்கு மேல் மொத்த எடை வரம்புள்ள வண்டியை, பாதிக்கு மேல் தொழிலுக்கே ஓட்டினால், அந்தத் தொழில் பங்குக்கு உரிய விலையை வருமானத்திலிருந்து வேகமாகக் கழிக்கச் சட்டம் வழி தருகிறது. வரியிலிருந்து அல்ல, வருமானத்திலிருந்து. நீங்கள் 24 சதவீத வரி வரம்பில் இருந்து, முழுக்கத் தொழிலுக்கே ஓட்டி, 80,000 டாலரைக் கழித்தால் மிச்சமாவது 19,200. மீதி 60,800 உங்கள் கையிலிருந்துதான் போகும். இன்னொரு நுணுக்கம்: வரிச் சட்டத்தின் 179-ஆம் பிரிவில், பெட், அதாவது பின்னால் லோடு ஏற்றும் இடம், ஆறடிக்குக் குறையாத பிக்கப்புக்குத்தான் கழிக்கும் தொகைக்குத் தனி வரம்பு கிடையாது. சொகுசு மாடல்களில் அதிகம் விற்பது ஐந்தரை அடி பெட் உள்ளவை. போனஸ் தேய்மானம் என்கிற இன்னொரு கழிவு வேறு கணக்கு, அதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். ஓடிய மைல்களை அன்றன்றே எழுதி வையுங்கள். மாதச் சம்பளம் வாங்கி டபிள்யூ-2 படிவம் பெறுகிற நண்பர்களுக்கு இதில் ஒன்றுமே கிடைக்காது என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் சின்ன, மலிவான பிக்கப் ஏன் இல்லை?
– கோவை வாசகி

பதில்: கோழியால். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பா வரி ஏற்ற, பதிலடியாக அதிபர் லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் இறக்குமதி ட்ரக்குகளுக்கு 25 சதவீதம் வரி போட்டார். மற்ற பொருள்களுக்குப் போட்ட வரிகள் போய்விட்டன, ட்ரக் வரி மட்டும் நின்றுவிட்டது. வெளியிலிருந்து போட்டி இல்லாததால் உள்ளூர்க் கம்பெனிகள் லாபம் அதிகமுள்ள பெரிய வண்டிகளிலேயே கவனம் வைத்தன. ஆனால் ஆசை செத்துப் போகவில்லை. 2022 மாடலாக ஃபோர்டு மேவரிக் 20,000 டாலரிலிருந்து வந்தபோது ஆர்டர் குவிந்து, பதிவையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. மெக்சிகோவில் செய்வதால் அப்போது அந்த வரி அதற்கு இல்லை.

கேள்வி: நியூஜெர்சியில் எங்கள் தெருவில் மூன்று வீட்டில் பெரிய பிக்கப். என் பேத்திக்கு நாலு வயது, பயமாக இருக்கிறது. என் பயம் வீணா?
– ஒரு பாட்டி

பதில்: வீணே இல்லை அம்மா. இன்சூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், 40 அங்குலத்துக்கு மேல் முன்பக்க உயரம் உள்ள வண்டிகள் இடித்தால், தாழ்ந்து சரிந்த முன்பக்கம் உள்ள கார்களைவிட நடந்து போகிறவர் உயிரிழக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். 40 அங்குலம் என்பது கிட்டத்தட்ட உங்கள் பேத்தியின் மொத்த உயரம். சீட்டில் இருக்கிறவருக்கு, முன்னால் ஒட்டி நிற்கும் குழந்தை தெரியவே தெரியாது. எனக்குப் பிக்கப் பிடிக்கும், ஆனால் இந்த உயரத்துக்கு எந்த நியாயமும் இல்லை; சுமை இழுக்க முன்பக்கம் சுவர் மாதிரி இருக்க வேண்டிய அவசியமே கிடையாது, பார்வைக்காக அப்படிச் செய்கிறார்கள். அந்த மூன்று வீட்டுக்காரர்களிடமும் நேரில் போய்ப் பேசுங்கள்: வாசலிலிருந்து கிளப்பும் முன் ஒரு தடவை வண்டியைச் சுற்றி வரச் சொல்லுங்கள், முன் கேமரா இருந்தால் ஒவ்வொரு தடவையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி ஓடும் சத்தம் கேட்டால் அங்கேயே நிற்க வேண்டும், அதன் முன்னால் போகவே கூடாது என்று பேத்தியிடமும் தினம் சொல்லுங்கள்.