ஹோமரே சவா 2011இல் உலகக் கோப்பையை வென்றது அதிர்ஷ்டத்தால்தானா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர், பெண்கள் கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜப்பான் அணித் தலைவி சவா அமெரிக்காவுக்கு எதிராக அடித்த 117ஆவது நிமிடக் கோலை மட்டும் ஒரு சிறு காணொளியில் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அரை நிமிடக் காட்சியில் பார்த்தால், மைதானத்தின் மூலையிலிருந்து உதைக்கும் கார்னரில் வந்த பந்து சவாவின் காலில் எப்படியோ பட்டு வலைக்குள் போனதாகத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் 'அதிர்ஷ்டம்' என்ற சொல் என்னை மிகவும் உறுத்திவிட்டதால், சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

அந்த ஆண்டு நாங்கள் ஜப்பானில், கவாசாகியில் குடியிருந்தோம். மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டியிருந்த கோடை அது. ஃபிராங்க்பர்ட்டில் நடந்த ஆட்டம் எங்களுக்கு ஜூலை 18 அதிகாலை 3.45 மணிக்குத் தொடங்கியது. விளக்கை அணைத்து, மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு, எட்டு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அமெரிக்கா இரண்டாவது முறையாக முன்னிலை பெற்று, கூடுதல் நேரமும் முடியப்போகும் வேளையில் ஜப்பானின் ஆயா மியாமா கார்னர் எடுக்க வந்தார். சவா தன்னைத் தடுக்க நின்ற எதிரணி வீராங்கனையை முந்திக்கொண்டு அருகிலிருந்த கம்பத்தை நோக்கி ஓடி, ஏறக்குறைய கோலுக்கு முதுகைக் காட்டிய நிலையில், வலது காலின் வெளிப்புறத்தால் பந்தைத் தொட்டுத் திருப்பினார். பந்து எங்கே விழும் என்று முன்பே கணித்து ஓடியவரால் மட்டுமே அந்த இடத்தில் அந்த நொடியில் இருந்திருக்க முடியும்.

முதல் பாதியில் அமெரிக்கா அடித்த பந்துகள் கம்பத்தில் பட்டுத் திரும்பினவே என்று சிலர் இங்கே மறுக்கக்கூடும். அது உண்மைதான். சவாவின் கோலால் ஆட்டம் சமனாகிப் பெனால்டி உதைகளுக்குப் போனபோது வெற்றி தேடித்தந்தவர்கள் கோல்கீப்பர் அயுமி கைஹோரியும் கடைசி உதையை அடித்த சகி குமகாயும்தான். சவா பெனால்டி அடிக்கவே இல்லை என்பதும் உண்மை. அவர் ஒருவரே கோப்பையை வென்றார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் போட்டித் தொடரில் ஐந்து கோல்கள் அடித்து, சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி இரண்டையும் வாங்கியவர் முன்கள வீராங்கனை அல்லர் என்பதை யாரும் கவனிப்பதில்லை. முன்னே நின்று கோல் அடித்துப் பழகியவரை 2008இல் பயிற்சியாளர் நோரியோ சசாகி தடுப்பாட்டத்துக்கு நெருக்கமான நடுக்களத்துக்கு இறக்கினார். எதிரணியின் பந்தைப் பறிப்பதே முதல் வேலையாக இருந்த அந்த இடத்திலிருந்துதான் மெக்சிகோவுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தார். காலிறுதியில் முந்தைய இரு உலகக் கோப்பைகளையும் வென்றிருந்த ஜெர்மனியை அதன் சொந்த மண்ணில் வீழ்த்திய கரினா மருயாமாவின் கோலுக்குப் பந்தைக் கொடுத்தவரும் அவரே.

டோக்கியோவின் ஃபுச்சூவில் ஆண் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த சவா, 1991இல் 12 வயதிலேயே முதல்நிலை லீக்கில் ஆடத் தொடங்கி, 15 வயதில் தேசிய அணிக்கான தன் முதல் ஆட்டத்தில் பிலிப்பைன்சுக்கு எதிராக நான்கு கோல்கள் அடித்தவர். அமெரிக்காவில் அவர் ஆடிய தொழில்முறை லீக் 2003இல் நொடித்துப்போய் மூடப்பட்டது. 2011 அவருக்கு ஐந்தாவது உலகக் கோப்பை. அதற்கு முந்தைய மூன்றிலும் ஜப்பான் முதல் சுற்றோடு திரும்பியது. இத்தனை ஆண்டுக் காத்திருப்பை அதிர்ஷ்டக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறு ஆண்டு லண்டன் ஒலிம்பிக்குக்கு ஒரே விமானத்தில் போனபோது, ஆண்கள் அணி பிசினஸ் வகுப்பிலும், உலகக் கோப்பையை வென்றிருந்த பெண்கள் அணி பிரீமியம் எகானமி வகுப்பிலும் அமர்த்தப்பட்டன. பின்னர் என் மகள் சேர்ந்த நடுநிலைப் பள்ளியில் பெண்களுக்குக் கால்பந்து அணியே இல்லை. பையன்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டதற்கு, உடை மாற்றும் அறை இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. இது கேள்விக்குத் தொடர்பில்லாதது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஒரு பெண் வென்றால் மட்டும் அதிர்ஷ்டத்தைத் தேடும் மனம் இங்கிருந்துதான் வருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2015 டிசம்பர் 27 அன்று ஜப்பான் பெண்கள் அணிகளுக்கான மகாராணி கோப்பையின் இறுதிப் போட்டி எங்கள் ஊரின் தோதொரோக்கி மைதானத்தில் நடந்தது. 205 சர்வதேச ஆட்டங்களும் 83 கோல்களும் கண்ட சவா, ஓய்வை அறிவித்துவிட்டு ஆடிய கடைசி ஆட்டம் அது. வயது 37. குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நானும் மகளும் போயிருந்தோம். ஆட்டம் கோலின்றி நீண்டுகொண்டே போக, 78ஆவது நிமிடத்தில் சவாவின் கோபே அணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பன்னிரண்டு வயது மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பந்தைப் பாக்காத, எட்டாம் நம்பரைப் பாரு" என்றாள். நான் அப்படியே எட்டாம் எண் அணிந்திருந்த சவாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து உதைக்கப்பட்டதும் அவர் நகர்ந்து, எழும்பி, தலையால் முட்டினார். ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான்.