வாத்துக்கும் கூஸ் வாத்துக்கும் கொல்லையில் கொட்டகை: பழைய கோழிக்கூண்டு போதுமா?

முட்டைக்காக வளர்க்கும் காக்கி கேம்பல் இன வாத்துகள் 6-ம், நீண்ட கழுத்துள்ள பெரிய கூஸ் வாத்து ஒரு ஜோடியும் வாங்கப்போவதாகவும், கால் வைத்து உயர்த்திய பழைய கோழிக்கூண்டு சும்மா கிடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதையே பயன்படுத்தலாமா, முட்டையிட என்ன ஏற்பாடு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து அந்தக் கூண்டு வேண்டாம். நான் தொடங்கியபோது அப்படித்தான் செய்தேன். மாலையில் வாத்து ஏணியில் ஏறாது. ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே விடுவேன். காலையில் கதவைத் திறந்ததும் எல்லாம் ஒன்றாக முண்டியடித்துக் கீழே குதிக்கும். இரண்டாவது வாரமே ஒரு பெட்டை நொண்ட ஆரம்பித்தது. வாத்தின் உடல் கனம், கால் மெலிது. கோழியைப் போல் காலைப் பிடித்துத் தூக்குவதுகூடத் தவறு. இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும்.

தரையோடு கட்டுங்கள். நாங்கள் இருப்பது தஞ்சாவூர்ப் பக்கம், ஐப்பசி மழையில் கொல்லை முழுக்கத் தண்ணீர் நிற்கும். அதனால் ஓரடி மண் கொட்டி மேடாக்கி, ஒரு பக்கம் சரிவு கொடுத்தேன். உங்கள் எண்ணிக்கைக்கு 8 அடி நீளம், 6 அடி அகலம் போதும். வாத்து ஒன்றுக்கு 4 சதுர அடிக்குக் குறையாமலும், கூஸுக்கு அதைப்போல் இரண்டு மடங்கும் கிடைக்கும். நடுவே 3 அடி உயரத்துக்கு ஒரு தடுப்பு வையுங்கள். முட்டைப் பருவத்தில் ஆண் கூஸ், மற்ற வாத்துகளை விரட்டி விரட்டிக் கடிக்கும். கதவு 3 அடி அகலமாவது இருக்கட்டும். உட்காருவதற்குக் குறுக்குக் கொம்பு தேவையில்லை, முகத்தில் சிவப்புச் சதை உள்ள மணிலா வாத்து இனம் மட்டும்தான் ஏறி உட்காரும்.

அஸ்திவாரத்தை ஓரடி ஆழத்தில் தொடங்கி, தரைக்கு மேல் 2 அடி செங்கல் சுவர் எழுப்பி, அதன் மேல் கூரை வரை அரை அங்குல வெல்ட் மெஷ் (பற்றவைத்த சதுரக்கண் கம்பிவலை) அடியுங்கள். கீரி தோண்ட முடியாது, சாரலும் வாத்தின் மேல் அடிக்காது, ஈரக்காற்று மேல்வழியே வெளியேறிவிடும். அறுகோணக் கண் கொண்ட கோழிவலையை நம்பாதீர்கள், நாய் அதைப் பிய்த்துவிடும்.

கோழி வீட்டுக்கும் வாத்து வீட்டுக்கும் பெரிய வேறுபாடு தண்ணீர். வாத்து மூக்குத் துவாரமும் கண்ணும் மூழ்கும்படி அலகை நுழைத்துக் கழுவ வேண்டும். முடியாவிட்டால் கண்ணோரம் பொருக்குத் தட்டும். ஆகவே பாத்திரம் 5, 6 அங்குல ஆழமாவது வேண்டும், அந்தத் தண்ணீரில் பாதி தரைக்கு வரத்தான் செய்யும். அதை உள்ளே வைப்பதானால் சரிவான மூலையில் ஜல்லி நிரப்பிய குழியின் மேல் கம்பிவலை போட்டு வையுங்கள். மற்ற இடமெல்லாம் உமியும் வைக்கோலும். தரையில் குனிந்து, வாத்தின் தலை உயரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். எச்சத்தின் நெடியில் கண் எரிந்தால் உமியையும் வைக்கோலையும் அன்றைக்கே மாற்றுங்கள். பூஞ்சை பிடித்த வைக்கோலையோ கடலைப் புண்ணாக்கையோ கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பூஞ்சை நஞ்சுக்கு வாத்தைப்போல் சீக்கிரம் பலியாகும் பறவை குறைவு.

வாத்து பெரும்பாலும் விடியற்காலையில்தான் முட்டையிடும். காலை 9 மணிக்குத் திறந்துவிட்டால் முட்டை உள்ளேயே கிடைக்கும். 6 மணிக்கே விட்டால் குளத்திலும் வேலியோரத்திலும் தேட வேண்டும். இருட்டான சுவரோரம் ஓரடி அகலம், ஓரடி உயரம், ஒன்றரை அடி ஆழமுள்ள பெட்டிகளைத் தரையிலேயே வையுங்கள். 3 பெட்டைக்கு ஒன்று போதும். வைக்கோல் சரியாமல் இருக்க முன்பக்கம் 4 அங்குலப் பலகை அடியுங்கள். ஒரு மரமுட்டையை உள்ளே போட்டுவைத்தால் இடம் பழகிவிடும்.

கூஸுக்குப் பெட்டியைவிட மறைவு முக்கியம். மூன்று பக்கமும் மறைந்த, மழை படாத மூலையில் இரண்டரை அடிச் சதுரம், அடியில் மண், மேலே நிறைய வைக்கோல். மற்றதை அது பார்த்துக்கொள்ளும். உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி ஒவ்வொரு வைக்கோலாகக் கவ்வி, தோளுக்கு மேல் பின்னால் போட்டுக்கொள்ளும். அடை உட்காரும் நேரம் வந்ததும் தன் மார்பிலிருந்தே பஞ்சுபோன்ற தூவியைப் பிடுங்கி விரிக்கும். இரை தேடக் கிளம்பும்போது அதை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. அந்த நாட்களில் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஆண் கூஸ் கழுத்தைத் தாழ்த்திச் சீறிக்கொண்டு வரும், இறக்கையால் பலமாக அடிக்கும்.

காக்கி கேம்பல் அநேகமாக அடை உட்காராது. குஞ்சு வேண்டுமென்றால் அதன் முட்டையைக் கோழிக்கோ மணிலா வாத்துக்கோ வைக்க வேண்டும். ஒருமுறை மணிலாவின் சொந்த முட்டைகளோடு காக்கி முட்டைகளையும் கலந்து வைத்துவிட்டேன். காக்கி பொரிப்பது 28 நாளில், மணிலா பொரிப்பது 35 நாளில். 29ஆம் நாள் பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தாய் வெளியே போய்விட்டது, திரும்ப உட்காரவில்லை. மீதி முட்டைகளை நான் எடுத்துப் பார்த்தபோது சில்லிட்டிருந்தன. உடைத்ததில் எல்லாவற்றிலும் முழு உருவம் வந்த குஞ்சுகள். இப்போதெல்லாம் ஓர் அடைக்கு ஒரே இன முட்டைதான், வைக்கும் அன்றே ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி எழுதிவிடுகிறேன்.