கேள்வி-பதில்: இங்கிலாந்து டாக்டர்கள் வார்டை விட்டு வெளியே வந்தது ஏன்?

இங்கிலாந்தில் ஜூனியர் டாக்டர்கள் மேல் அரசு ஒரு புதிய பணி ஒப்பந்தத்தைச் சுமத்தியது பற்றியும், 2016இல் அவர்கள் செய்த ஸ்ட்ரைக் பற்றியும் நிறையக் கேள்விகள் வந்துள்ளன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன். ஜூனியர் என்றதும் கல்லூரியிலிருந்து நேற்று வந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். 2024இல் அந்தப் பெயரை மாற்றும்வரை, கன்சல்டன்ட், அதாவது பயிற்சி முடித்த மூத்த ஸ்பெஷலிஸ்ட், ஆகும்வரை பயிற்சியில் இருந்த எல்லோரும் அங்கே ஜூனியர்தான். பத்து வருட அனுபவம் உள்ளவர்களும் அதில் அடக்கம்.

அடிப்படைச் சம்பளத்தை 13.5 சதவீதம் உயர்த்துவதாக அரசு சொன்ன பிறகும் ஸ்ட்ரைக் செய்தது பேராசை இல்லையா?

இல்லை. கணக்கைப் பாருங்கள். அப்போது முதல் வருட டாக்டரின் அடிப்படைச் சம்பளம் ஏறத்தாழ 23,000 பவுண்டு. ராத்திரி டியூட்டி, வார இறுதி டியூட்டி எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்து அதற்கு மேல் படி உண்டு. 40 சதவீதப் படி என்றால் 9,200 பவுண்டு. புதிய ஒப்பந்தம் இந்தப் படி முறையையே எடுத்துவிட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 முதல் இரவு 7 வரைதான் சாதாரண வேலை நேரமாக இருந்தது. 2016 பிப்ரவரியில் அறிவித்த வடிவத்தில் அது இரவு 9 வரை நீண்டது. சனிக்கிழமை பகலும் பெரும்பாலானவர்களுக்குச் சாதாரண நாளாகிவிட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்வதாகத்தான் டாக்டர்களுக்குப் பட்டது.

ஆனால் பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பழைய முறையில் ஆஸ்பத்திரிகள் குறிப்பிட்ட இடைவெளியில் டாக்டர்களின் நிஜமான வேலை நேரத்தைக் கணக்கெடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு வந்தார், ஓய்வு கிடைத்ததா, எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று ஒவ்வொருவரும் குறித்துக் கொடுப்பார்கள். வரம்பை மீறி வேலை வாங்கியது தெரிந்தால், அந்த டியூட்டி அட்டவணையில் உள்ள அத்தனை பேருக்கும் படி 100 சதவீதம் ஆகிவிடும், அதாவது சம்பளம் இரட்டிப்பு. நிர்வாகத்துக்கு உறைத்தது இதுதான். புதிய ஒப்பந்தம் இதை நீக்கிவிட்டு, பணிநேரத்தைக் கவனிக்க ஒரு கண்காணிப்பாளர் பதவியைக் கொண்டுவந்தது. வரம்பை மீறினால் ஆஸ்பத்திரிக்கு அபராதம் உண்டு. ஆனால் அந்தக் கண்காணிப்பாளருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே ஆஸ்பத்திரிதான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் அதிகபட்சம் 91 மணி நேரம் வரை போகலாம் என்றிருந்ததை 72ஆகக் குறைத்தது இதே ஒப்பந்தம்தான். அது நல்ல மாற்றம்.

ஒருவர் சம்மதிக்காமல் அவர்மேல் ஒப்பந்தத்தைத் திணிக்க முடியுமா? அது எப்படி ஒப்பந்தம் ஆகும்?

இந்தச் சண்டையின் மையமே இதுதான். பயிற்சியில் இருக்கும் டாக்டர் ஒரே ஆஸ்பத்திரியில் இருப்பதில்லை. நான்கு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று மாறிக்கொண்டே இருப்பார். மாறும்போதெல்லாம் புதிய பணி ஆணை. அதனால் கையில் இருக்கும் ஒப்பந்தத்தை யாரும் முறிக்க வேண்டியதில்லை. அடுத்த இடத்தில் சேரும் நாளில் புதிய காகிதத்தை நீட்டினால் போதும். கையெழுத்துப் போட மறுத்தால்? ஸ்பெஷலிஸ்ட் பயிற்சி அங்கேயே நின்றுவிடும். அரசின் தேசிய சுகாதாரச் சேவையை விட்டால், இங்கிலாந்துக்குள் அந்தப் பயிற்சியைத் தர வேறு முதலாளி கிடையாது.

ஐந்து ஜூனியர் டாக்டர்கள் இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். அங்கே சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட் தரப்பு, நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு ஒப்பந்தத்தைப் பரிந்துரைத்தோம், அவ்வளவுதான் என்று வாதிட்டது. அமைச்சர் சட்ட வரம்புக்குள்தான் நடந்தார் என்று 2016 செப்டம்பர் 28இல் தீர்ப்பு வந்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் பயிற்சி இடங்களுக்கு நிதி தரும் அமைப்பே, தேசிய ஒப்பந்தத்தை விட்டு விலகினால் நிதி கிடைப்பது சந்தேகம் என்று ஆஸ்பத்திரிகளுக்கு உணர்த்தியிருந்தது. அப்புறம் எந்த ஆஸ்பத்திரி துணிந்து விலகும்?

என்ன இருந்தாலும், நோயாளியின் உயிரோடு விளையாடலாமா?

2016 ஜனவரி 12இல் நடந்த முதல் ஸ்ட்ரைக்கில் அவசர சிகிச்சையை நிறுத்தவில்லை. ஏப்ரல் 26, 27 தேதிகளில்தான் அவசரப் பிரிவிலிருந்தும் வெளியே வந்தார்கள், காலை 8 முதல் மாலை 5 வரை. அந்த நேரத்தில் கன்சல்டன்ட்கள் இறங்கி வேலை செய்தார்கள். இந்த ஸ்ட்ரைக்குகளால் சாவுகள் கூடியதாகப் பின்னர் வந்த ஆய்வில் தெரியவில்லை.

அதற்காக யாருக்கும் பாதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ஏப்ரல் ஸ்ட்ரைக்குக்காக மட்டும் சுமார் 1,25,000 ஆபரேஷன்களும் வெளிநோயாளி சந்திப்புகளும் தள்ளிப்போயின. இடுப்பு மூட்டு வலியோடு மாதக்கணக்கில் காத்திருந்தவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. செப்டம்பரில் ஐந்து நாள் தொடர் ஸ்ட்ரைக் என்று அறிவித்துப் பின்னர் கைவிட்டார்களே, கைவிட்டதுதான் சரி. அத்தனை குறுகிய அவகாசத்தில் ஆஸ்பத்திரிகள் ஈடுகட்டியிருக்க முடியாது.

வார இறுதியில் அட்மிட் ஆனவர்களில் 11,000 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று படித்தேன். உண்மையா?

2015இல் வந்த ஆய்வில் உள்ள எண் அது. ஆனால் வெள்ளி முதல் திங்கள் வரை அட்மிட் ஆகி, 30 நாளுக்குள் இறந்தவர்களைப் பற்றியது. இத்தனை சாவும் தவிர்த்திருக்கக்கூடியவை என்று முடிவு கட்டுவது தவறு என்று ஆய்வு செய்தவர்களே எச்சரித்திருந்தார்கள். வார இறுதியில் வருபவர்களில் நோய் முற்றியவர்கள் அதிகம். இந்த எண்ணை அரசுத் தரப்பு மேடையில் வைத்து, டாக்டர்களின் சனிக்கிழமைப் படியோடு முடிச்சுப் போட்டது எனக்கு இன்றும் கோபம் தருகிறது. சனி, ஞாயிறு வார்டுகளில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்கள் அதே ஜூனியர் டாக்டர்கள்தான்.

மக்கள் யார் பக்கம்?

டாக்டர்கள் பக்கம். கருத்துக்கணிப்பில் ஜனவரியில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. அவசரப் பிரிவும் நின்ற ஏப்ரலில் அது குறைந்தாலும் பாதிக்கு மேல் இருந்தது.

கடைசியில் டாக்டர்கள் தோற்றுவிட்டார்கள், அப்படித்தானே?

அன்றைக்குத் தோற்றார்கள். மே மாதம் சமரசப் பேச்சில் எட்டிய உடன்பாட்டை ஜூலையில் 58 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். டாக்டர்கள் தரப்பில் பேச்சு நடத்திய தலைவர் பதவி விலகினார். அக்டோபரிலிருந்து ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் 2019இல் அதே ஒப்பந்தத்தைப் பேசித் திருத்தி ஓட்டுக்கு விட்டபோது 82 சதவீதம் பேர் ஏற்றுக்கொண்டார்கள். பேசினால் முடிகிற காரியம்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஸ்காட்லாந்தும் வேல்ஸும் இந்த ஒப்பந்தத்தைத் திணிக்கவே இல்லை.

என் மகள் பிளாப் தேர்வில் (வெளிநாட்டு டாக்டர்கள் பிரிட்டனில் பதிவு பெற எழுதுவது) தேறி அங்கே வேலைக்குப் போகிறாள். எதைக் கவனிக்க வேண்டும்?

வெளிநாட்டிலிருந்து போகிறவர்களில் பலருக்கு முதலில் கிடைப்பது பயிற்சி இடம் அல்ல, ஆஸ்பத்திரி நேரடியாகத் தரும் வேலை. அதற்குத் தேசிய ஒப்பந்தம் தானாகப் பொருந்தாது. ஆஸ்பத்திரி எழுதியதுதான் விதி. அதனால் கையெழுத்துக்கு முன் டியூட்டி அட்டவணையை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கூடுதல் நேரம் வேலை செய்தால் அதைப் பதிவு செய்யும் உரிமை தனக்கு உண்டா, யாரிடம் பதிவு செய்வது, அதற்குப் பணமா ஓய்வா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளட்டும். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் முழுவதையும் படித்த பிறகே டிக்கெட் போடுங்கள். டாக்டர்களின் தொழிற்சங்கமான பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால், ஒப்பந்தத்தைச் சரிபார்த்தும் தருவார்கள்.