தினம் ஒரு தகவல்: விடைக்கு முன் ஊகம்

கேள்வி: ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். பாடம் தொடங்குமுன் தினமும் ஒரு வியப்பான தகவல் சொல்கிறேன். முதலில் ரசித்தார்கள்; இப்போது காதில் போட்டுக்கொள்வதே இல்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம், சொல்லும் முறையை மாற்றுங்கள். விடையை நீங்களே சொல்லிவிட்டால் மாணவருக்கு அங்கே வேலையே இல்லை.

'பெரியவர்களுக்கு 206 எலும்புகள். பிறந்த குழந்தைக்கு அதைவிடக் குறைவா, கூடுதலா, அதே அளவா?' என்று மணி அடிக்குமுன்பே கரும்பலகையில் எழுதி வையுங்கள். வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொருவரும் தன் ஊகத்தையும் ஒரு வரிக் காரணத்தையும் நோட்டில் எழுதட்டும். ஒரு நிமிடம் போதும். அடுத்த நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். பிறகு கை தூக்கச் சொல்லி, எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று பலகையில் குறித்துவிட்டு விடையைச் சொல்லுங்கள்: சுமார் 300. 'மீதி எங்கே போச்சு?' என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். மண்டையோட்டில் தனித்தனியாக இருந்த துண்டுகள் வளர வளர ஒட்டிக்கொள்கின்றன. முதுகெலும்பின் அடிப்பகுதியில் ஐந்து எலும்புகள் இணைந்து ஒன்றாகின்றன. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

நேரமில்லை என்பதற்காக, ஊகத்தை நோட்டில் எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாயால் கேட்டால் வழக்கமான நாலு பேர் முந்திக்கொள்வார்கள், மற்றவர்கள் நழுவிவிடுவார்கள். எல்லார் முன்னாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம் இந்த வயதில் அதிகம். மதிப்பெண் போட்டால் அது இன்னும் கூடும்.

தகவலுக்கு ஒரே அளவுகோல்: 'ஏன்?' என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்க வேண்டும். 'உலகிலேயே பெரியது' ரகம் பெரும்பாலும் இதில் தேறாது. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்பது போன்ற பொய்களும் நிறையச் சுற்றுகின்றன. உண்மையான தகவலிலும் சொல் பிசகும். வெள்ளிக் கோளில் ஒரு நாள் ஓர் ஆண்டைவிட நீளம் என்கிறோம். தன்னைத்தானே சுற்ற 243 பூமி நாள், சூரியனைச் சுற்ற 225 என்ற கணக்கில் அது சரி. ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை பார்த்தாலோ சுமார் 117 நாள்தான். கெட்டிக்கார மாணவர் இதில் உங்களை மடக்குவார். மடக்கட்டும், வகுப்பு சூடுபிடிக்கும்.

வாரக் கடைசி நாளில் புதிதாக எதுவும் வேண்டாம். நோட்டை மூடிவிட்டு, அந்த வாரத்தில் வந்தவற்றைக் காரணத்தோடு நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள்.

பழகியபின் மாணவர்களிடமே முறைவைத்துக் கொடுக்கலாம். தகவலைக் கேள்வியாக மாற்றி, இரண்டு இடங்களில் சரிபார்த்து, முந்தின நாளே உங்களிடம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் பலகையேறிவிடும்.