கூட்டத்தின் முன்னால் நின்றவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தளத்தை நெடுநாளாக வாசித்து வருகிறேன்; எழுதுவது இதுவே முதல் முறை. அரசுப் பணியில் நடுத்தர நிலையில் இருப்பவன் நான். இரண்டு மாதங்களுக்கு முன், சாலைக்காகக் கையகப்படுத்திய நிலத்துக்கு இழப்பீடு வந்து சேரவில்லை என்று சில நூறு பேர் எங்கள் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். கல் விழுந்து ஒரு சன்னல் உடைந்தது. காவலர்கள் என்னை உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். நான் படியிறங்கிச் சென்றேன். முதல் வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி மட்டும் கத்தவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த மனு ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டியபடி நின்றார். அதை வாங்கிக்கொண்டு, ‘ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன், இது என் பொறுப்பு’ என்று உரக்கச் சொன்னேன். சத்தம் மெல்ல அடங்கியது. ஒரு மணி நேரத்தில் எல்லோரும் கலைந்துவிட்டார்கள்.

நான் தனியாக நிற்கும் காணொளி பரவியது. மேலதிகாரிகள் பாராட்டினார்கள். ஆனால் கோப்பு இன்னும் நகரவில்லை. அது என் அதிகாரத்துக்குள் முடிகிற காரியம் அல்ல என்பது அன்றே எனக்குத் தெரியும். நான் செய்தது துணிச்சலா, ஏமாற்றா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும்தான். துணிச்சல் என்பதில் எனக்கு ஐயமில்லை. உடைந்த சன்னலுக்குப் பின்னால் பாதுகாப்பாக இருக்க வாய்ப்பிருந்தும் படியிறங்கியவரை வேறு எப்படிச் சொல்வது? ஏமாற்று என்ற சொல்லை நீங்களே எடுத்து வைத்துவிட்டதால், அதைத் தேய்த்து மழுப்ப நான் முயலப்போவதில்லை.

முதலில் அந்தக் காணொளியைப் பற்றி. ‘கூட்டத்தை அடக்கிய அதிகாரி’ என்ற வகையில்தான் அதற்குத் தலைப்பிட்டிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். கூட்டம் என்பது அடக்கப்பட வேண்டிய விலங்கு என்னும் எண்ணம் பழையது. பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ போன் 1895இல் அதற்கு ஒரு கோட்பாட்டு வடிவமே கொடுத்தார். கூட்டத்தில் சேர்ந்ததும் மனிதன் தன் அறிவை இழந்து, எந்தத் தூண்டுதலுக்கும் ஆட்படுபவனாகிவிடுகிறான் என்பது அவர் வாதம். ஆட்சியில் இருப்பவர்களுக்கு வசதியான கோட்பாடு இது, ஏனென்றால் அறிவிழந்தவர்களுக்குக் கோரிக்கை என்று ஒன்று இருக்க முடியாது. 1980 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், செயின்ட் பால்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தை உளவியலாளர் ஸ்டீவன் ரைக்கர் ஆராய்ந்தபோது கண்டது வேறு. அந்தக் கூட்டம் காவல்துறையைத் தாக்கியது. ஆனால் காவலர்கள் அப்பகுதியை விட்டு வெளியேறியதும் அவர்களைத் துரத்திக்கொண்டு போகவில்லை. அந்த அமளிக்கு நடுவே சிலர் சாலையில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தவும் செய்தார்கள். கோபத்துக்கு ஓர் எல்லையும் இலக்கும் இருந்தன.

உங்கள் முன் நின்றவர்களுக்கும் இலக்கு இருந்தது. அதை முதல் வரிசையிலேயே உறைபோட்டுக் கையில் பிடித்திருந்தார்கள். அதை நீங்கள் வாங்கியதும் சத்தம் தணிந்தது. அவர்கள் அடங்கவில்லை, நண்பரே, நம்பினார்கள். உங்கள் கேள்வி முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

உங்களை விடப் பெரிய இடத்தில் இருந்த ஒருவர் இதையே செய்திருக்கிறார். 1381 ஜூனில், தலைவரியால் வெகுண்ட இங்கிலாந்தின் குடியானவர்கள் லண்டனுக்குள் புகுந்தார்கள். அரசன் இரண்டாம் ரிச்சர்டுக்கு வயது 14. ஜூன் 14 அன்று மைல் எண்ட் என்ற இடத்தில் அவர்களைச் சந்தித்து, பண்ணையடிமை முறையை ஒழிப்பதாகச் சாசனம் எழுதிக் கொடுக்க இசைந்தான். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் அவர்களுடைய தலைவன் வாட் டைலரை லண்டன் மேயர் வெட்டிச் சாய்த்ததும் குடியானவர்கள் வில்லை வளைத்துவிட்டார்கள். சிறுவன் குதிரையைத் தட்டிவிட்டு, அம்புகளுக்கு நேராகத் தனியே சென்று, இனி நானே உங்கள் தலைவன், என் பின்னால் வாருங்கள் என்று அழைத்தான். அவர்கள் பின்னால் போனார்கள். நகருக்கு வெளியே திடலுக்கு அழைத்துச் சென்று கலைத்து அனுப்பினான். இவ்வளவு துணிச்சலை எந்த அரசனிடமும் நான் படித்ததில்லை. ஜூலை 2ஆம் தேதி செம்ஸ்ஃபோர்டில் இருந்தபடி, கொடுத்த சாசனங்களை எல்லாம் செல்லாது என்று அறிவித்தான். தலைவர்கள் வேட்டையாடிக் கொல்லப்பட்டார்கள். ஸ்மித்ஃபீல்டில் அவன் சொன்னது அப்போது பொய்யா என்று யாராலும் சொல்ல முடியாது. பதினான்கு வயதுப் பையன் அந்தக் கணத்தில் அதை மனதார நம்பியே சொல்லியிருக்கலாம். பதினேழு நாட்களில் அது பொய்யாகிவிட்டது.

உங்கள் கணக்கில் இரண்டு மாதங்கள் ஆகின்றன.

இதைச் சொல்லும்போது, படியிறங்காமலே இருந்திருக்கலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் திடலில், வாக்குரிமைச் சீர்திருத்தம் கேட்டுப் பல்லாயிரம் பேர் கூடியிருந்தபோது, பொறுப்பிலிருந்த நீதிபதிகள் பக்கத்து வீட்டின் சன்னல் வழியாகவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தபடியே, பேச்சாளர் ஹென்றி ஹன்ட்டைக் கைது செய்ய உத்தரவிட்டு, குதிரைப்படையை உள்ளே அனுப்பினார்கள். குறைந்தது 15 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் காயமுற்றார்கள். மேலிருந்து பார்க்கும்போது தலைகள்தான் தெரியும், மனு தெரியாது. நீங்கள் கீழே இறங்கியதால் அன்று யாருடைய மண்டையாவது உடையாமல் தப்பியிருக்கும். அந்தப் புண்ணியம் உங்களுக்கு உண்டு. குறை கால் எடுத்து வைத்ததில் இல்லை. வாயிலிருந்து வந்த ‘ஒரு வாரம்’ என்ற சொல்லில் இருக்கிறது.

அந்தச் சொல் ஏன் வந்தது என்று நானாக யோசித்துப் பார்த்தேன். அதிகாரி கூட்டத்துக்கு முகத்தைக் காட்டியும் அலுவலகத்துக்கு முதுகைக் காட்டியும் நிற்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஆனால் இந்த மத்தளத்தில் ஒரு பக்கத்து இடிதான் எல்லோர் காதிலும் விழும். முன்னால் இருப்பவர்களைச் சமாளிப்பது ஒரு மணி நேர வேலை, அதைப் படம் பிடிக்கவும் ஆள் இருக்கும். பின்னால் இருப்பவர்களிடம் போய், ‘நான் சொல்லிவிட்டேன், நீங்கள் நிறைவேற்றித்தான் ஆக வேண்டும்’ என்று சொல்வதற்கு மாதக்கணக்காகும், அங்கே எந்தக் கைப்பேசியும் உயராது.

முதுகுப் பக்கத்து இடியை வாங்கியவர் ஒருவரைச் சொல்கிறேன். 1989 நவம்பர் 9 மாலை, மக்கள் மேற்கு ஜெர்மனிக்குப் போக அனுமதிக்கும் புதிய பயண விதிகள் உடனடியாக நடைமுறைக்கு வருவதாகக் கிழக்கு ஜெர்மனியின் கட்சிப் பிரமுகர் குந்தர் ஷபோவ்ஸ்கி செய்தியாளர் கூட்டத்தில் வாய்தவறிச் சொல்லிவிட, பெர்லினில் மக்கள் எல்லைச் சாவடிகளை நோக்கித் திரண்டார்கள். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் பணியில் இருந்தவர் ஹரால்ட் யேகர் என்ற லெப்டினன்ட் கர்னல். அவருக்கு எந்த உத்தரவும் வந்திருக்கவில்லை. மேலிடத்துக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசினார். கடைசியில் ஒரு யோசனை வந்தது. அதிகமாகக் கூச்சலிடுபவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து மேற்கே அனுப்பிவிடு. அவர்களுடைய அடையாள அட்டையில் புகைப்படத்தின் மேலேயே முத்திரை குத்திவிடு. திரும்பி வர முடியாது. எத்தனை கெட்டிக்காரத்தனமான யோசனை, எத்தனை மடத்தனம்! கத்தினால் கதவு திறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் இன்னும் உரக்கக் கத்தினார்கள். யேகர் நிலைமையைச் சரியாகத்தான் கணிக்கிறாரா, இல்லை பயந்துவிட்டாரா என்று மேலதிகாரி ஒருவர் ஐயப்பட்டது தொலைபேசியில் தன் காதிலேயே விழுந்ததாக அவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். இரவு பதினொன்றரை மணியளவில் தடுப்பை முழுதாகத் திறக்கச் சொன்னார். கூட்டத்திடம் அவர் சொற்பொழிவு ஏதும் ஆற்றவில்லை. அன்றிரவு அவர் பேசியதெல்லாம் பெரும்பாலும் தொலைபேசியில்தான்.

யேகர் கையிலாவது ஒரு கதவு இருந்தது, என்னிடம் எதுவுமே இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். கையில் ஒன்றும் இல்லாதவர் என்ன சொல்ல முடியும் என்பதற்கும் அதே ஆண்டிலேயே உதாரணம் உண்டு. மே 19 விடிகாலையில், பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் உண்ணாநோன்பு இருந்த மாணவர்களிடையே சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் ஜாவ் ஜியாங் ஒரு கையொலிபெருக்கியுடன் சென்றார். ராணுவச் சட்டம் வரப்போவதும் தன் பதவி போய்விட்டதும் அவருக்குத் தெரியும். நாங்கள் மிகவும் தாமதமாக வந்துவிட்டோம் என்றார். நாங்கள் கிழவர்கள், எங்களுக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை, நீங்கள் இளையவர்கள், உண்ணாநோன்பைக் கைவிடுங்கள் என்றார். பேச்சுவார்த்தையின் கதவு மூடப்படாது என்றார், ஆனால் கோரிக்கைகளை இன்ன நாளில் முடித்துத் தருவதாக ஒரு சொல் கூட இல்லை. மாணவர்கள் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதன்பின் 2005இல் சாகும்வரை அவருக்கு வீட்டுக்காவல்தான். சில வாரங்களில் பெய்ஜிங் தெருக்களில் ராணுவம் ரத்தம் சிந்தியதை அவரால் தடுக்க முடியவில்லை என்பதும் உண்மை. ஆனால் தன் கையில் இல்லாததை இன்ன நாளில் முடித்துத் தருவதாக அவர் யாரையும் நம்பவைக்கவில்லை.

‘இது என் அதிகாரத்தில் இல்லை, யார் அதிகாரத்தில் இருக்கிறது என்று எழுதித் தருகிறேன், எத்தனை நாளைக்கு ஒரு முறை நிலவரம் சொல்வேன் என்றும் எழுதித் தருகிறேன்’ என்று அன்று நீங்கள் சொல்லியிருந்தால் கூட்டம் ஒரு மணி நேரத்தில் கலைந்திருக்காது. நான்கைந்து மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டியிருந்திருக்கும். வசவு கிடைத்திருக்கும். இன்னொரு கல்லும் வந்திருக்கலாம். இதையெல்லாம் நாற்காலியில் அமர்ந்து எழுதுவது எனக்கு எளிது என்பதை நான் மறக்கவில்லை.

இப்போதும் நேரம் போய்விடவில்லை என்றே நினைக்கிறேன். கூட்டம் மறுபடி திரண்டு வருமுன் நீங்களே அவர்களிடம் போங்கள். காவலர் வேண்டாம், படமெடுக்க யாரும் வேண்டாம். ஒரு வாரம் என்று நான் சொன்னது தவறு என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதற்கு முன்பாக, உங்களைப் பாராட்டிய அதே மேலதிகாரிகளுக்கு, நீங்கள் கூட்டத்தில் கொடுத்த வாக்கையும் கோப்பின் எண்ணையும் அது தேங்கி நிற்கும் மேசையையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பாராட்டு அன்றோடு நின்றுபோகும், இடமாற்றம் கூட வரலாம்.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்த மூதாட்டியின் கையிலிருந்து மனுவை வாங்கியதை இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள், பிளாஸ்டிக் உறை வரைக்கும். அதில் என்ன எழுதியிருந்தது என்று எழுதவில்லை. உறையைப் பிரித்தீர்களா?