ஜெபக்குறிப்பா, ஊர்வம்பா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். நான் புதுவண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன், சண்டே ஸ்கூல் டீச்சர். எங்கள் மாடி வீட்டு அக்கா ஒருநாள் அழுதுகொண்டே தன் மகளைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார். பாரம் தாங்காமல் அதை வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் ஜெபக்குறிப்பாக, அதாவது எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கவேண்டிய விஷயமாக, சொன்னேன். அது எப்படியோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், நிச்சயமான கல்யாணம் நின்றுவிட்டது. நான் உபவாசமிருந்து ஆண்டவரிடம் அறிக்கையிட்டுவிட்டேன். ஆனால் அந்த அக்கா முகம் கொடுத்துப் பேசுவதில்லை, தண்ணீர் லாரி வந்தால்கூட நான் குடத்தோடு உள்ளே போன பிறகுதான் கீழே இறங்குகிறார். "உன் நோக்கம் நல்லதுதானே, அவங்களுக்குத்தான் மன்னிக்கிற மனசில்லை" என்கிறார்கள் கூட்டத்தில். எனக்கு ஏன் சமாதானமே இல்லை?

பதில்: சகோதரி, சமாதானம் இல்லாமல் இருப்பது நல்லதுதான். அதை அவசரப்பட்டு ஜெபித்துத் துரத்திவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் உங்கள் பாரம் இருக்கிறது, உபவாசம் இருக்கிறது, பேசாத அக்கா இருக்கிறார். கல்யாணம் நின்றுபோன பெண் எங்கே? "தன் மகளைப் பற்றி" என்று ஒரே ஒரு இடத்தில் வந்துவிட்டுப் போய்விடுகிறாள். இப்போது அவள் எப்படி இருக்கிறாள், அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடிகிறதா, ஒரு வார்த்தை இல்லை. உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, நாம் எல்லோரும் இப்படித்தான் எழுதுவோம், நம் பாவத்தைச் சொல்லும்போதும் நாமே கதாநாயகி.

யோசேப்பின் அண்ணன்மாரைப் பாருங்கள். ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தில் தம்பியைக் குழியில் போடுகிறார்கள், உடனே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பிறகு 20 வெள்ளிக்காசுக்கு விற்கிறார்கள். அந்த அதிகாரம் முழுக்கத் தேடினாலும் யோசேப்பு அழுததாக, கெஞ்சியதாக ஒரு வரி கிடையாது. இருபது வருடத்துக்கு மேல் கழிந்து, எகிப்தில் தாங்களே மாட்டிக்கொண்ட பிறகுதான் 42:21இல் அது வெளியே வருகிறது: அவன் கெஞ்சினான், அவன் வேதனையை நாம் பார்த்தோம், காது கொடுக்கவில்லை என்று. அன்றைக்கே காதில் விழுந்த சத்தம்தான், உறைக்கத்தான் அத்தனை வருடம் ஆனது. விற்றுவிடலாம் என்று அன்று யோசனை சொன்ன அதே யூதாதான் 44ஆம் அதிகாரத்தில், கடைசித் தம்பி பென்யமீனை விட்டுவிடுங்கள், அவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் வந்து நிற்கிறான். முதிர்ச்சி என்று நான் புரிந்துகொண்டது இதைத்தான். எத்தனை வருட விசுவாசி, எத்தனை வசனம் மனப்பாடம் என்பதெல்லாம் இதில் சேராது. எபிரெயர் 5ஆம் அதிகாரத்திலும் காலத்தைப் பார்த்தால் போதகராக இருக்க வேண்டியவர்களைத்தான் இன்னும் பால் குடிக்கிறவர்கள் என்று எழுதியிருக்கிறது, டீச்சர்களாகிய நாம் அதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்கலாம்.

நோக்கம் நல்லது என்கிறார்கள், சரி. ஆண்டவருக்கு எந்த மாடி, யார் மகள் என்று அடையாளம் சொல்லித்தான் ஆகவேண்டுமா? "ஒரு குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்றால் போதாதா? நம் கூட்டங்களில் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஓடுகிற வம்பு கொஞ்சநஞ்சமில்லை, அதிலும் சுவருக்குச் சுவர் ஒட்டிய நம் தெருக்களில் ஆமென் சொல்லி முடிப்பதற்குள் செய்தி அடுத்த சந்துக்குப் போய்விடும். அப்புறம், அவருக்கு மன்னிக்கிற மனசில்லை என்பது அடிபட்டவரை இரண்டாவது முறை அடிக்கிற பேச்சு, அதைக் கூட்டத்தில் நீங்களே நிறுத்துங்கள். மத்தேயு 5:23, 24இல் யார் போகவேண்டும் என்று இருக்கிறது? உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு நீ போ. அவர் இறங்கி வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை.

எனவே மாடிக்கு ஏறிப் போங்கள். துணைக்கு ஆள் வேண்டாம், பழம், வசன காலண்டர் எதுவும் வேண்டாம். "உங்க மனசு புண்பட்டிருந்தா" என்று ஆரம்பிக்காதீர்கள், புண்பட்டது தெரிந்துதானே போகிறீர்கள். எதை, எங்கே, யார் யார் முன்னால் சொன்னீர்கள் என்று அப்படியே சொல்லுங்கள். அந்தப் பெண் கேட்க விரும்பினால் அவளிடமும் தனியாகச் சொல்லுங்கள். அவர்களே உங்களைத் தேற்றவேண்டிய அளவுக்கு அங்கே அழாதீர்கள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லச் சொல்லி நெருக்கவும் வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில், விஷயத்தை மறுபடி கிளறாமல், "நான் சொல்லியிருக்கக் கூடாது, இனி யாரும் அதைப் பேசவேண்டாம்" என்று அதே ஆட்கள் முன்னால் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் அவர்கள் சம்மதம் இல்லாமல் போய்விடாதீர்கள். இதெல்லாம் கூடுதல் கண்டிப்பு என்று தோன்றினால் ஒன்று: கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 1459ஆம் பத்தியில், பாவமன்னிப்பு பெற்றாலும் செய்த கேட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி, திருடியதைத் திருப்பிக் கொடுப்பதோடு சேர்த்து, கெடுத்த பெயரை மீட்டுத் தருவதையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. சபை எதுவானாலும் இதில் வித்தியாசம் இல்லை.

இவ்வளவும் செய்தும் அவர் பேசாமலே இருக்கலாம். அது அவர் உரிமை.

கேள்வி: காசிமேட்டில் மீன் வியாபாரம். தராசில் கை வைத்துப் பல வருடம் சம்பாதித்தேன். இப்போது இரட்சிக்கப்பட்டிருக்கிறேன். வாங்கியவர்களை எங்கே தேடுவது? சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிடலாமா?

பதில்: அண்ணே, முதலில் தராசைச் சரிபார்த்து முத்திரை போட்டு வையுங்கள், அதை நாளைக்குத் தள்ளாதீர்கள். அநியாயமாக எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு என்கிறது எண்ணாகமம் 5:7. லூக்கா 19இல் வரும் வரி வசூலிக்கிற சகேயு அதோடு நிற்கவில்லை, நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். யாத்திராகமம் 22இல் நாலு மடங்கு ஆடு திருடினவனுக்கு உள்ள கணக்கு, அதாவது வரி வசூலித்தேன் என்று சமாளிக்காமல் தன்னைத் திருடனோடு சேர்த்து எண்ணிக்கொண்டான். வாங்கிக்கொள்ள ஆளே இல்லாவிட்டால் ஆசாரியனிடம் கொடுக்கலாம் என்று எண்ணாகமம் அடுத்த வசனத்தில் சொல்வது உண்மைதான், ஆனால் உங்களுக்கு ஆள் இருக்கிறதே. தினமும் வாங்குகிற மெஸ்காரர், கூடையில் எடுத்துப்போய்த் தெருத்தெருவாக விற்கிற அம்மாக்கள், இவர்கள் முகமெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாக்களுக்கு முதலில் கொடுங்கள், குறைந்த எடை அவர்கள் கூலியில்தான் விழுந்தது. நிஜமாகவே அடையாளம் தெரியாதவர்கள் பங்கை ஏழைகளுக்குக் கொடுங்கள், சபையில் உங்கள் பெயரை வாசிக்காதபடி.

கேள்வி: வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன், கல்லூரி மாணவன். அப்பா குடியை விட்டு ரட்சிக்கப்பட்டவர். அம்மாவை எப்படியெல்லாம் அடித்தார் என்று சபையில் அடிக்கடி சாட்சி சொல்கிறார், எல்லோரும் அல்லேலூயா என்கிறார்கள். அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் அம்மாவிடம் அவர் ஒருநாளும் மன்னிப்பு கேட்டதில்லை. எனக்குக் கோபம் வருகிறது. தப்பா?

பதில்: தப்பில்லை தம்பி. அப்பா குடியை விட்டது பெரிய விஷயம், அதைக் குறைத்துப் பேசவேண்டாம். ஆனால் வாங்கிய அடி அம்மாவுடையது. அதை மைக்கில் சொல்லலாமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. தகப்பனைக் கனம்பண்ணு என்பதற்கு வாயை மூடிக்கொண்டிரு என்று பொருளில்லை, அதனால் அப்பாவிடம் தனியாக, மரியாதையாகப் பேசுங்கள். கேட்காவிட்டால் பாஸ்டரிடம் போங்கள், அடுத்த சாட்சிக்கு மைக் கொடுக்கும்முன் அவர் யோசிக்கட்டும். ஆனால் இதில் எதையும் செய்வதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். நீங்கள் பேசுவதை அவர் விரும்புகிறாரா, அப்பா சபையில் அதைச் சொல்லலாமா என்று. அவர் வேண்டாம் என்றால் உங்கள் கோபத்தையும் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.